அனி நகரம் காலியானது 1319 நிலநடுக்கத்தாலா?

நூலகவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். துருக்கியின் கிழக்கு எல்லையில், கார்ஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் அனி என்னும் இடைக்கால ஆர்மேனிய நகரத்தின் இடிபாடுகளைப் பற்றி, எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஒரு மணி நேரம் பேசுவதாக ஒப்புக்கொண்டு விட்டேன். தமிழில் தேடிப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு சிறு எச்சரிக்கை: நெடிலிட்டு 'ஆனி' என்று தட்டச்சு செய்தால் ஆனித் திருமஞ்சனம்தான் வந்து நிற்கும்.

இதுவரை நான் திரட்டிய வரலாறு இவ்வளவே. பாக்ராதுனி மரபைச் சேர்ந்த அரசர் மூன்றாம் அஷோட் 961-ல் தம் தலைநகரைக் கார்ஸிலிருந்து அனிக்கு மாற்றினார். அவருடைய மகன் இரண்டாம் சும்பத் வடக்குப் பக்கத்தில் இரட்டை மதில் எழுப்பினார். இன்னொரு மகனான முதலாம் ககிக்கின் ஆட்சியில் நகரம் உச்சத்தைத் தொட்டது. ஆர்மேனியத் திருச்சபையின் தலைமைப் பீடமும் 992-ல் அங்கேயே வந்து சேர்ந்தது. 1045-ல் பைசாந்தியர் கைப்பற்றினர். 1064-ல் செல்ஜூக் சுல்தான் அல்ப் அர்ஸ்லான் 25 நாள் முற்றுகைக்குப் பின் நகரைப் பிடித்தார். பிறகு குர்திய ஷத்தாதி மரபினர், ஜார்ஜியர், மங்கோலியர் என்று கைமாறிக்கொண்டே இருந்தது. 1319-ல் பெரிய நிலநடுக்கம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நான் படித்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் 1319-லிருந்து ஒரே தாவலாகத் தாவி 'அதன்பின் நகரம் கைவிடப்பட்டது' என்று முடித்து விடுகின்றன. ஒரு நிலநடுக்கத்தால் இவ்வளவு பெரிய நகரம் ஒருவரும் இல்லாமல் போய்விடுமா என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. படங்களில் சில கட்டடங்கள் கத்தியால் அறுத்தது போல் சரிபாதியாக நிற்பதற்கும் அந்த நிலநடுக்கமே காரணமா என்பதையும், 'ஆயிரத்தொரு தேவாலயங்களின் நகரம்' என்ற பட்டத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்வெட்டுப்பித்தன்

வணக்கம் நூலகவாசி அவர்களே. தாங்கள் ஐயுற்றது சரி. நிலநடுக்கம் கட்டடங்களை வீழ்த்தியது என்பதில் ஐயமில்லை. அதுவே நகரத்தை வீழ்த்தியது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளைப் பாருங்கள். 1064-ல் நகரம் பட்ட அழிவைப் பற்றி ஆர்மேனிய வரலாற்றாசிரியர்கள் மனம் பதைத்து எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அனியில் இன்று மிக நன்றாக எஞ்சியிருக்கும் தேவாலயம் அந்தப் படையெடுப்புக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1215-ல் கட்டப்பட்டது. கட்டியவர் அரசரல்லர்; திக்ரான் ஹோனெந்த்ஸ் என்னும் வணிகர். அப்போது ஜார்ஜிய அரசி தாமாரின் தளபதிகளாக இருந்து அனியைப் பெற்ற ஸகாரியர் குடும்பம் ஆட்சியில் இருந்தது. திக்ரான் வெளிச்சுவரில் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு, பாறையும் புதருமாகக் கிடந்த அந்த நிலத்தைத் தம் நேர்மையான செல்வத்தால் உரியவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியதைச் சொல்லிவிட்டு, தேவாலயத்துக்கு எழுதி வைத்த சொத்துகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறது. 1213-ல் பேராலயத்தின் படிக்கட்டுகளைப் பழுதுபார்த்தவரும் இவரே. முற்றுகையையும் கொள்ளையையும் தாங்கி எழுந்த ஓர் ஊருக்கு, பழுது என்றால் பணத்தை அவிழ்க்கும் வணிகர்கள் இருந்த ஓர் ஊருக்கு, ஒரு நிலநடுக்கத்தைத் தாங்கும் வலிமை எங்கே போயிற்று என்பதே சரியான கேள்வி.

இதற்கான விடை அனியிலேயே ஒரு சுவரில் எழுதியிருக்கிறது. ஷத்தாதி மரபின் மனுசிஹ்ர் கட்டுவித்த பள்ளிவாசலின் சுவரில் பாரசீக மொழியில் ஓர் அரசாணை பொறிக்கப்பட்டிருந்தது. அது 1316 முதல் 1335 வரை ஆண்ட மங்கோலிய இல்கான் அபூ ஸயீதுடையது. ரஷ்ய அறிஞர் பார்த்தோல்த் 1911-ல் இதைப் படித்து, பதிப்பித்து, விரிவான ஆராய்ச்சியும் எழுதினார். வணிகப் பொருள்கள் மீதான தம்கா என்னும் வரியும் முறையான சுங்கமும் தவிர, கலான், நெமெரி போன்ற பெயர்களில் வேறெதையும் வலிந்து வாங்கக் கூடாது என்பது ஆணையின் சாரம். அதற்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும்: இத்தகைய வசூல்களாலும் வன்முறையாலும் மக்கள் வீடுவாசலையும் சொத்தையும் விட்டுச் சிதறிப் போனார்கள் என்று ஆணையே ஒப்புக்கொள்கிறது. மங்கோலியர் 1236-ல் நகரைப் பிடித்ததிலிருந்து மூன்று தலைமுறை வரிச்சுமை ஏறியிருந்தது. குடியை விரட்டிய வரியை அரசே சுவரில் எழுதி வைத்த ஊர்கள் உலகில் அதிகம் இருக்காது.

வணிகப் பாதையையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அனி வளர்ந்தது கருங்கடல் துறைமுகங்களுக்கும் துவின் போன்ற உள்நாட்டுச் சந்தைகளுக்கும் நடுவில் அது அமர்ந்திருந்ததால். மங்கோலியர் ஆட்சியில் தப்ரீஸ் பெருநகரமான பிறகு, திரெபிசோந்திலிருந்து எர்ஸுரும் வழியாகத் தப்ரீஸுக்குச் செல்லும் தெற்குப் பாதையே பெருவழியாயிற்று. வண்டிகளும் ஒட்டகங்களும் அனிக்கு வராமலே போய்விட முடிந்தது. பணமுள்ளவர்கள் முதலில் கிளம்பியிருப்பார்கள். கிரிமியாவிலும், இன்றைய உக்ரைனின் லிவிவ் பகுதியிலும் குடியேறிய ஆர்மேனியர்கள் தங்கள் முன்னோர் அனியிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

'ஆயிரத்தொரு' என்பது 'ஏராளம்' என்று பொருள்படும் வழக்கு. அகழாய்வாளர்கள் அடையாளம் கண்ட தேவாலயங்கள் ஐம்பதை ஒட்டியவை; குகைகளில் குடைந்த சிற்றாலயங்கள் தனி. நகரில் ஒரு லட்சம் பேர் வாழ்ந்தார்கள் என்ற கணக்கையும் கூட்டத்தில் அடித்துச் சொல்லி விடாதீர்கள். மதிலுக்குள் உள்ள மேட்டின் பரப்பை வரைபடத்தில் பார்த்தாலே அது எவ்வளவு நெருக்கடியாக இருந்திருக்கும் என்பது புரியும்.

சாந்தும்கல்லும்

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாதியாக நிற்கும் கட்டடம் என்று தாங்கள் குறிப்பிடுவது மீட்பர் தேவாலயமாகத்தான் இருக்க வேண்டும். சிலுவைத் திருப்பண்டத்தின் ஒரு துண்டை வைப்பதற்காக இளவரசர் அப்ல்கரீப் பஹ்லவுனி அதைக் கட்டினார். 1035-ஐ ஒட்டி முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் 19 பட்டைகள் கொண்ட உருளை, உள்ளே எட்டு அரைவட்ட மாடங்கள். 1319 நிலநடுக்கத்துக்குப் பின்னும் ஆறு நூற்றாண்டுக்கு மேல் அது நின்றது. கிழக்குப் பாதி விழுந்தது 1957-ல், ஒரு புயல் இரவில்! ஆகவே தங்கள் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டி 'இடைக்கால நிலநடுக்கத்தின் வடு' என்று சொல்லி விட வேண்டாம். அங்கே தெரியும் முறிவு இருபதாம் நூற்றாண்டுக்குரியது.

ஏன் அப்படிச் சீராகப் பிளந்தது என்பதற்கு ஆர்மேனியச் சுவர் கட்டும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கிடைப்பது டஃப் என்னும் எரிமலைக் கல். ரம்பத்தாலும் உளியாலும் எளிதில் செதுக்கலாம். செம்மை, மஞ்சள், கருப்பு என்று பல நிறங்களில் கிடைக்கும். அந்தக் கல்லை மெல்லிய பலகைகளாகச் செதுக்கி, சுவரின் உள்முகமும் வெளிமுகமுமாக நிறுத்தி, இடையில் உடைகல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி நிரப்புவார்கள். பார்வைக்கு அது கற்சுவர்; வேலையின் தன்மையில் நம் கான்கிரீட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். பாரத்தைத் தாங்குவது நடுவில் இருக்கும் கெட்டியான சாந்துக் கலவை. முகக்கல் அதற்கு அச்சாகவும் தோலாகவும் இருக்கிறது. சாந்து இறுகிய பிறகு கட்டடம் ஒரே பாறை போல் ஆகி விடுகிறது. அதனால்தான் அனியில் இடிபாடுகள் கல் கல்லாக உதிராமல் முழுப் பாளங்களாகச் சரிகின்றன.

இதன் பலவீனம் அந்தத் தோலில் இருக்கிறது. ஊர் ஆளற்றுப் போன பின் அக்கம்பக்கத்தார் வீடு கட்டத் தேடுவது நேர்த்தியாகச் செதுக்கிய கல்லைத்தான். ஏணி இல்லாமல் கைக்கு எட்டுவது அடிவரிசைக் கற்கள். எனவே பல கட்டடங்களில் மேலே முகக்கல் அப்படியே இருக்க, ஓர் ஆள் உயரம் வரை மட்டும் சுவர் உரிந்து கிடக்கும். 1300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள மேடு அது, குளிர்காலம் கடுமையானது. உரிந்த இடத்தில் பனிநீர் இறங்கும், உறையும், விரியும், கரையும். ஒவ்வோர் ஆண்டும் இப்படியே. அடி மெலிந்து நிற்கும் கட்டடத்துக்கு நிலநடுக்கமோ புயலோ கடைசித் தள்ளலை மட்டுமே கொடுக்கிறது.

பேராலயத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதை வரைந்த கட்டடக் கலைஞர் திர்தாத். இரண்டாம் சும்பத் தொடங்கிய வேலையை ககிக்கின் மனைவி அரசி கத்ரானிதே முடித்து வைத்தார். உள்ளே போனால் நடுவில் நான்கு தூண்கள். ஒவ்வொன்றும் பல மெல்லிய தூண்களைக் கட்டாகக் கட்டியது போல் மேலேறி, கூர்முனை வளைவுகளாகப் பிரிகிறது. பிரான்சில் கோதிக் பேராலயங்கள் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது இது. இதைப் பார்த்துத்தான் ஐரோப்பியர் கற்றார்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஒரே சிக்கலுக்கு இரண்டு இடங்களில் ஒரே விடை கிடைப்பது எங்கள் தொழிலில் வியப்பில்லை. ஆனால் இன்னொன்று வியப்பானது. 989-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் நிலம் நடுங்கி ஹாகியா சோபியாவின் குவிமாடத்தின் ஒரு பகுதி விழுந்தபோது, அதைச் சரிசெய்ய அழைக்கப்பட்டவரும் இதே திர்தாத்தான். அங்கே அவர் எழுப்பிய பகுதி இன்றும் நிற்கிறது. அவருடைய சொந்த ஊர்ப் பேராலயத்தின் குவிமாடம் 1319-ல் விழுந்தது, மீண்டும் எழவேயில்லை. 1988 டிசம்பரில் ஆர்மேனியாவின் ஸ்பிதாக் பகுதியைச் சிதைத்த நிலநடுக்கத்தில் அதன் வடமேற்கு மூலையும் சரிந்தது.

மேலே கல்வெட்டுப்பித்தன் சொன்னதோடு எனக்கு ஒரு சிறு முரண்பாடு உண்டு. ஒரு குவிமாடத்தை மீண்டும் எழுப்பப் பணம் மட்டும் போதாது. சாரம் கட்டத் தச்சர், கல் செதுக்குவோர், வளைவின் கணக்குத் தெரிந்த தலைமைக் கொத்தர் எல்லாரும் ஒரே ஊரில் வேலையோடு இருக்க வேண்டும். பெரிய வேலைகள் சில பத்தாண்டுகள் நின்று போனாலே அந்தக் கூட்டம் கலைந்து விடும். நிலநடுக்கம் தாக்கியபோது அனி அந்த நிலையில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கார்ஸ்வரை

நான் அங்கே நேரில் போனவன் என்பதால் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கார்ஸிலிருந்து கிளம்பிய வாடகைக் காருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சமவெளியில் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று மதில் குறுக்கே எழும்பும். சிங்க உருவம் புடைத்து நிற்கும் வாயிலைக் கடந்ததும் எதிரே ஓர் ஊர் இருக்கும் என்று மனம் எதிர்பார்க்கிறது. ஆனால் உள்ளே புல்வெளிதான். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டடங்கள். இடையில் நடக்கும்போது காலடியில் மேடு பள்ளமாக இருப்பதெல்லாம் வீடுகள் என்பது சற்று நேரம் கழித்தே உறைக்கிறது. நான் போன அன்று ஒரு மாடு பேராலயத்தின் தெற்கு வாசல் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் எழுப்பவில்லை.

மேடு ஒரு முக்கோணம். மேற்கே ஒரு பள்ளத்தாக்கு. கிழக்கே அகூரியான் ஆறு, துருக்கியில் அர்பாசாய் என்கிறார்கள். அந்த ஆற்றின் நடுவேதான் இன்றைய எல்லை. விளிம்பில் நின்று குனிந்தால் இடைக்காலப் பாலத்தின் ஒற்றை வளைவு விழுந்து, இரு கரையிலும் தாங்குசுவர்கள் மட்டும் எதிரெதிரே நிற்பது தெரியும். மறுகரை ஆர்மேனியா, காவல் கோபுரம் வெறும் கண்ணுக்கே தெரிகிறது. 1993 முதல் எல்லை மூடியிருப்பதால், அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வரும் ஆர்மேனியர்கள் ஆற்றுக்கு அப்பாலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. சோவியத் காலத்தில் இது நேட்டோ நாட்டின் எல்லைக் காவல் பகுதி என்பதால் அனுமதி வாங்கித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது; படம் எடுக்கும் தடை 2004 வாக்கில்தான் விலகியது.

திக்ரான் ஹோனெந்த்ஸின் தேவாலயத்துக்குப் படிகளில் இறங்க வேண்டும். அது ஆற்றை நோக்கிய சரிவில் இருக்கிறது. உள்ளூரில் அதைப் 'படமுள்ள தேவாலயம்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். உள்ளே சுவர் முழுவதும் ஓவியங்கள்; ஆர்மேனியாவுக்குக் கிறித்தவத்தைக் கொண்டுவந்த புனித கிரிகோரியின் வாழ்க்கைக் காட்சிகள் அதில் உண்டு. வெளிச்சுவரில் கல்வெட்டு ஆர்மேனிய எழுத்தில் இருக்க, உள்ளே ஓவியங்களின் பெயரெழுத்துகள் ஜார்ஜியத்திலும் கிரேக்கத்திலும் உள்ளன. ஆர்மேனியத் திருச்சபையை விட்டு ஜார்ஜியர்களின் சபையோடு சேர்ந்திருந்த ஆர்மேனியர் அந்த வணிகர். கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள முகங்கள் பலவும் சுரண்டப்பட்டிருக்கின்றன; பல மொழிகளில் காதலர் பெயர்களும் கீறப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று. நகரம் '1319-ல் காலியானது' என்று யாரும் சொல்ல முடியாதபடி அங்கேயே சான்று உள்ளது. மனுசிஹ்ர் பள்ளிவாசலுக்கு வெளியே அகழ்ந்த தெருவின் இரு பக்கமும் கடைகளும் சிறு வீடுகளும். வேறோரிடத்தில் ஆளிவிதை எண்ணெய் ஆட்டிய செக்கின் பெரிய கல்லும் கிடக்கிறது. மதிலுக்குள் சிற்றூர் அளவில் குடியிருப்பு 17-ஆம் நூற்றாண்டு வரை நீடித்து, 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்தான் முழுவதும் ஓய்ந்தது. மதிலுக்கு வெளியே ஒஜாக்லி என்ற கிராமத்தில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள்.

நூலகவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. அபூ ஸயீதின் ஆணை 1316-க்கும் 1335-க்கும் இடையில் எந்த ஆண்டிலும் வெளிவந்திருக்கலாம் என்றால், அது நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்ததாகவும் இருக்கலாம் அல்லவா? அப்படியானால் மக்கள் சிதறியதற்கு நிலநடுக்கத்தையும் காரணமாகக் கொள்ள இடம் உண்டே. மேலும், அகழாய்வில் கிடைத்த பொருள்களை இப்போது எங்கே காணலாம்?

கல்வெட்டுப்பித்தன்

நியாயமான கேள்வி. ஆணை நிலநடுக்கத்துக்கு முன்னா பின்னா என்பதை வைத்து என் வாதம் நிற்கவில்லை. பின்னால் வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், மக்கள் ஓடியதற்கு அரசு சொல்லும் காரணம் முறைகேடான வசூல்தான். ஆணை அதிகாரிகளைக் கண்டிக்கவே எழுதப்பட்டது. எனவே அதிகாரிகளின் குற்றத்தை அது மிகைப்படுத்தியிருக்கலாம் என்று தாங்கள் வாதிட்டால் ஒப்புக்கொள்வேன். கொத்தர் கூட்டம் கலைந்திருக்கும் என்று சாந்தும்கல்லும் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். அது என் வாதத்தை மறுப்பதாகத் தெரியவில்லை, நிரப்புவதாகவே தெரிகிறது.

அகழ்ந்தவர் நிக்கோலாய் மார். 1878-ல் கார்ஸ் பகுதி ரஷ்யப் பேரரசிடம் வந்த பிறகு, 1892-லும் 1893-லும், பிறகு 1904 முதல் 1917 வரையும் அவர் அங்கே வேலை செய்தார். மனுசிஹ்ர் பள்ளிவாசலையே அருங்காட்சியகமாக்கிக் கிடைத்த பொருள்களை வைத்திருந்தார். 1918-ல் உஸ்மானியப் படை நெருங்கியபோது தொல்லியலாளர் அஷ்கர்பெக் கலந்தார் சுமக்கக் கூடிய ஏறத்தாழ 6,000 பொருள்களை எடுத்துச் சென்றார். இன்று அவை யெரெவானில் ஆர்மேனிய வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. சுமக்க முடியாதவை அங்கேயே தங்கின.

தங்கியவற்றில் ஒன்றைப் பற்றிக் கூட்டத்தில் சொல்லுங்கள். ககிக் கட்டிய வட்ட வடிவத் தேவாலயத்தின் இடிபாட்டில் 1906-ல் மார் அந்த அரசரின் கற்சிலையைக் கண்டெடுத்தார். இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். தலையில் பெரிய தலைப்பாகை. இரு கைகளையும் நீட்டி, தாம் கட்டிய தேவாலயத்தின் சிறு மாதிரியை ஏந்தியபடி நின்றார். கட்டடம் முழுவதும் விழுந்து விட்டதால், அது முன்பு எப்படி இருந்தது என்று ஆய்வாளர் தோரோஸ் தொராமானியான் வரைந்து பார்ப்பதற்கு அந்த மாதிரியும் துணை செய்தது. போர்க்காலக் குழப்பத்தில் சிலை காணாமல் போயிற்று. எஞ்சியவை மார் காலத்துப் புகைப்படங்களும், எர்ஸுரும் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் உடைந்த துண்டும்தான்.